மைஃப்ரீவியூ படம் உடைகிறதா? பூஸ்டருக்கு முன் கூரையைப் பாருங்கள்

மைஃப்ரீவியூ எனும் இலவச டிஜிட்டல் ஒளிபரப்பில் படம் உடைந்தால் மலேசியாவில் நம்மவர்கள் பலரும் முதலில் கடைக்குப் போய் வாங்கி வருவது, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர். என்னைக் கேட்டால் அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். சிக்னல் எங்கே தொலைகிறது என்று தெரியாமல் வாங்கும் பூஸ்டர், கோளாறையும் சேர்த்தே பெருக்கிக் கொடுக்கும்.

2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு நாட்டில் அனலாக் ஒளிபரப்பு முற்றாக நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளிகள் விழும், நிழல் படியும். ஆனாலும் செய்தியைக் கேட்டுவிடலாம். டிஜிட்டலில் அந்த இடைநிலை இல்லை. ஓர் எல்லைவரை படம் பளிச்சென்று இருக்கும். அதற்குச் சற்றே கீழே இறங்கினால் கட்டம் கட்டமாக உடையும், பிறகு திரை கறுத்துவிடும். டிவி2-இல் தமிழ்ச் செய்தி பாதியில் நின்று, வீட்டுப் பெரியவர்கள் ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதனால்தான். நல்ல செய்தி என்னவென்றால், சிக்னல் அந்த எல்லையில் நிற்கும் வீட்டுக்கு மூன்று நான்கு டெசிபெல் (சிக்னலை அளக்கும் அலகு) கூடினாலே போதும். அதை எந்த வழி மலிவாகத் தருகிறது என்பதுதான் கேள்வி.

அறைக்குள் வைக்கும் ஆன்டெனா அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்றது. அதுவும் சன்னல் ஒளிபரப்புக் கோபுரத்தின் பக்கம் திறந்திருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் இருக்காது. தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளில் உள்ள வரிசை வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓடுகளுக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்க விரித்திருக்கும் அலுமினியத் தாள், பின்பக்கத் தகரக் கூரை, சன்னலுக்குச் சன்னல் இரும்புக் கம்பி: இவை எல்லாமே சிக்னலுக்குச் சுவர்கள். மேற்கூரைக்கு உள்ளே பரணில் ஆன்டெனாவை ஒளித்து வைத்தாலும் அந்த அலுமினியத் தாள் விடாது. இத்தனை மைல் எட்டும் என்று ஆன்டெனாப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் கணக்கை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

கூரைக்கு மேலே நிற்கும், யுஎச்எஃப் எனும் உயர் அலைவரிசைக்கான ஆன்டெனாவுக்கு இணையாக வேறெதுவும் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஓர் ஆன்டெனா நிற்கிறது என்பதற்காக அது சரியான ஆன்டெனா ஆகிவிடாது. அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் பழைய ஒளிபரப்பு பல இடங்களில் அதைவிடத் தாழ்ந்த விஎச்எஃப் அலைவரிசையில் வந்தது. அதற்கான ஆன்டெனாவின் குறுக்குக் கம்பிகள் முக்கால் மீட்டருக்கும் மேல் நீண்டிருக்கும். இன்றைய டிஜிட்டல் ஒளிபரப்பு யுஎச்எஃப்பில் வருகிறது. அதற்குரிய கம்பிகள் ஏறக்குறைய ஓர் அடி நீளமே இருக்கும். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும். நீளக் கம்பிகள் மட்டுமே தெரிந்தால் அதைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டுங்கள்.

அடுத்தது திசை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரும்பாலான ஆன்டெனாக்கள் கெந்திங் பக்கமுள்ள உலு காலி மலையைப் பார்த்து நிற்கும். கெடாவில் ஜெராய் மலை. அக்கம்பக்கத்து வீடுகளின் ஆன்டெனாக்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன, கம்பிகள் படுக்கையாக இருக்கின்றனவா நெட்டுக்குத்தாக இருக்கின்றனவா என்று பார்த்து, அப்படியே வையுங்கள். கம்பிகள் குறுகிக்கொண்டே போகும் முனைதான் மலையைப் பார்க்க வேண்டும். சட்டம் போன்ற பின்புறம் அல்ல. திருப்பும்போது கொஞ்சம் திருப்பி, சில விநாடிகள் காத்திருந்து, டிகோடர் (டிஜிட்டல் சிக்னலைப் படமாக்கும் பெட்டி) மெனுவில் சிக்னல் தரம் காட்டும் கோட்டைப் பாருங்கள். வலிமையைக் காட்டும் கோடு அவ்வளவு முக்கியமில்லை. வலிமை நிறைந்து தரம் தாழ்ந்திருந்தால், எதிரொலிப்போ இரைச்சலோ உள்ளே வருகிறது என்று பொருள்; அங்கே பூஸ்டர் உதவாது.

ஆன்டெனாவை மாற்றும் முன் ஒரு காரியம் செய்யலாம். அதன் அடியில் கேபிள் சேரும் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் சில ஆண்டுகள் கிடந்த கேபிளில், நடுச் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். சுற்றியுள்ள பின்னல் கறுத்து, விரலால் தொட்டாலே உதிரும். கேபிளுக்குள் இறங்கிய தண்ணீர் சில வீடுகளில் தொலைக்காட்சிக்குப் பின்னால் வரை வந்துவிடும். இப்படி இருந்தால் எந்த ஆன்டெனா மாட்டியும் பயனில்லை. ஆர்ஜி6 எனும் வகை ஆன்டெனா கேபிளைப் புதிதாக, இடையில் ஒட்டுப்போடாமல் ஒரே நீளமாக இழுத்து, வெளி இணைப்பை நீர் புகாத நாடாவால் சுற்றுங்கள். நல்ல கேபிளே இருபது மீட்டரில் நான்கு டெசிபெல் அளவுக்குத் தின்றுவிடும். இரண்டு அறைக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் இன்னொரு மூன்றரை நான்கைத் தின்னும். படுக்கையறைத் தொலைக்காட்சியை யாருமே பார்ப்பதில்லை என்றால் அந்த ஸ்பிளிட்டரை எடுத்துவிடுங்கள். தேவையான டெசிபெல் செலவில்லாமல் கிடைத்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் பூஸ்டர். நீளமான கேபிள் அல்லது மூன்று நான்கு தொலைக்காட்சிகள் என்ற நிலையில் அது நியாயமானது. ஆன்டெனாக் கம்பத்திலேயே, கேபிள் சிக்னலைத் தின்பதற்கு முன்பு பொருத்தும் வகையையே வாங்குங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னால் செருகும் வகை, ஏற்கெனவே இரைச்சலில் மூழ்கிய சிக்னலை இரைச்சலோடு சேர்த்தே பெரிதாக்கும். ஒலிபெருக்கியில் கத்தினாலும் குழறலான பேச்சு தெளிவாகாது அல்லவா! கோபுரத்துக்கு அருகில் இருப்பவர்கள் பூஸ்டர் போட்டால் டிகோடர் திணறி, வந்துகொண்டிருந்த சேனலும் போய்விடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: முன்பு தொலைக்காட்சிக்கு இருந்த 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி இப்போது 5ஜி கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டது. பழைய பூஸ்டர்கள் அதையும் அள்ளிப் பெருக்கும். 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தடுக்கும் வடிகட்டி உள்ளதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

மலை மறைக்கும் இடங்களில் வீடு இருந்தால் மேலே சொன்ன எதற்கும் பணம் செலவழிக்க வேண்டாம். செயற்கைக்கோள் வழி வரும், மாதக் கட்டணமில்லாத என்ஜோய் சேவையின் டிஷ்தான் அங்கே சரி. அதன் செயற்கைக்கோள் தீபகற்பத்துக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்பதால், மலையோ பக்கத்து மாடியோ குறுக்கே வருவது அரிது. ஆர்டிஎம் சேனல்களும் அதில் வருகின்றன. குறை ஒன்றுதான்: கனமழை கொட்டும்போது படம் போய்விடும். கூரை ஆன்டெனாவின் யுஎச்எஃப் அலையை மழை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. மழைக்கு மட்டும் உடைகிற படம் ஆன்டெனாவிலிருந்து வருகிறது என்றால், நனைந்த கேபிள் இணைப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டில் நல்ல இணையம் இருந்தால் ஆர்டிஎம் கிளிக் செயலியில் டிவி2-ஐ நேரலையாகவே பார்க்கலாம். இளையவர்களுக்கு அது போதும். ரிமோட்டில் எண்ணை அழுத்திப் பழகிய தாத்தா பாட்டிக்குக் கூரை ஆன்டெனாவே வசதி. அதைப் பொருத்த ஏணி வைத்து ஏறும் வேலையை, இடி மின்னல் இல்லாத காலைப் பொழுதில், பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுங்கள்.