பிரெஞ்சு வாக்கிய அமைப்பு படிக்க குவிசிக் எப்படி?

சொற்கள் எல்லாம் தெரியும், வாக்கியமாகக் கோக்கும்போது மட்டும் எது முன்னால் எது பின்னால் என்று தடுமாறுகிற கட்டம் இருக்கிறதே, அதில் இருப்பவர்களுக்கு குவிசிக் என்கிற இணையப் பயிற்சித் தளத்தைத் தாராளமாகச் சொல்வேன். முதலில் ஒரு நிலைத் தேர்வு வைக்கும். அப்புறம் சின்னச் சின்ன வினாக்கள், தப்பாகப் போட்டால் அந்த இலக்கணத்துக்கான பாடத்துக்கே நேராகக் கொண்டுபோய் விடும், நாம் எதில் சறுக்குகிறோமோ அதையே திரும்பக் கேட்கும்.

அதன் பலம் தெரிவது சுட்டுப்பெயர்களில்தான். பிரெஞ்சில் சாதாரணமாக வினைக்குப் பிறகுதான் செயப்படுபொருள். ஆனால் 'அதை', 'அவருக்கு' என்று சுட்டுப்பெயராக வந்தால் வினைக்கு முன்னால் ஏறிவிடும். 'ழெ லெ லுயி தொன்' என்றால் நான் அதை அவருக்குக் கொடுக்கிறேன், வரிசை அப்படியே தமிழ்! 'எனக்கு' என்று வந்தால் அது 'அதை'க்கும் முன்னால் போய் 'இல் மெ லெ தொன்' (அவர் எனக்கு அதைக் கொடுக்கிறார்) ஆகிவிடும். எனக்கு அதைக் கொடு என்று கட்டளையிட்டால் வினை முதலில் வந்து 'தொன் லெ முவா'. இந்த மூன்றையும் தனித்தனிப் பாடமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கேட்டுக் கையில் பதியவைக்கிறார்கள். விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில்தான், அதனால் படிக்கும்போதே மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள், பாதி விதி தானாக விளங்கும்.

இன்னொன்று, 'ழே எக்ரீ லா லெத்ர்' என்றால் கடிதம் எழுதினேன். அதையே 'நான் எழுதிய கடிதம்' என்று திருப்பினால் 'லா லெத்ர் கெ ழே எக்ரீத்'. கடிதம் பெண்பால், அது வினைக்கு முன்னால் வந்துவிட்டதால் 'எக்ரீ' என்ற எச்சவினையின் கடைசியில் ஓர் எழுத்து கூடி உச்சரிப்பே மாறுகிறது. டெல்ஃப் பி1 என்ற பிரெஞ்சுத் தேர்வு எழுதப் போகிறவர்கள் இதை விடவே கூடாது.

குறை என்றால், பெரும்பாலும் கோடிட்ட இடம் நிரப்புவதுதான். முழு வாக்கியம் நாமே எழுத மொழிபெயர்ப்புப் பயிற்சிகள் தனியாக இருக்கின்றன, அவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். இலவசக் கணக்கில் வினாக்களுக்கு வரம்பு உண்டு, காசு கட்டும் முன் அதை முழுசாகத் தீர்த்துப் பாருங்கள். எதிர்மறை வாக்கியத்தில் வினைக்கு முன் வரும் 'நெ' பேச்சில் காணாமல் போவதெல்லாம் காதால் கேட்டால்தான் பிடிபடும், அதற்கு பிரான்சின் ஆர்.எஃப்.ஐ. வானொலியின் 10 நிமிட எளிய பிரெஞ்சுச் செய்தியும் அதன் பேட்டிகளும் போதும், எழுத்து வடிவமும் கூடவே இலவசமாகக் கிடைக்கிறது.