ஒரு பகல், ஒரு திருத்தலம், ஒரு பூங்கா: பேராதனையா, கம்பஹாவா?

மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானத்தில் ஒரு மணி நேரப் பயணம்தான். வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போவதற்கே இதைவிடப் பல மடங்கு நேரம் ஆகிறது. அதனால் எங்கள் ஊர்த் தேவாலயப் பங்கில் பலரும், "அங்கே ஒரு நாள் கிடைத்தால் எந்தக் கோயில், எந்தப் பூங்கா?" என்று கேட்கிறார்கள். அம்மாவுடன் இரண்டு முறை, இரண்டு வழிகளில் போய் வந்திருக்கிறேன்.

முதல் முறை கொழும்பிலேயே உள்ள கொச்சிக்கடை அந்தோணியார் ஆலயமும் கண்டியை அடுத்த பேராதனைப் பூங்காவும். அடுத்த முறை ராகமையை அடுத்த தேவத்தை லங்கா மாதா பேராலயமும் கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட பூங்காவும்.

கோயிலைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை: கொச்சிக்கடைதான். டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்தது. அப்போது மறைந்து வாழ்ந்த அந்தோனியோ என்ற குருவிடம், கடல் அரிப்பை நிறுத்தித் தரும்படி மீனவர்கள் கேட்டார்கள் என்றும், அவர் மணலில் சிலுவை நட்டு மன்றாடக் கடல் பின்வாங்கியது என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். புனித அந்தோணியாரின் நாக்கின் சிறு பகுதி திருப்பண்டமாக, அதாவது வணக்கத்துக்குரிய புனிதப் பொருளாக, இங்கே இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா அன்று குண்டு வெடித்த ஆலயங்களில் இதுவும் ஒன்று. அன்று உயிரிழந்தவர்களை நினைக்காமல் அங்கே மண்டியிட முடியவில்லை. அருகே ஓர் அம்மாள் நெற்றியில் திருநீற்றோடு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். உவரி, புளியம்பட்டி அந்தோணியார் கோயில்களில் நாம் பார்க்கும் அதே காட்சி. தமிழில் திருப்பலி உண்டு என்பதால் அம்மாவுக்கு அந்நிய நாட்டில் இருக்கிறோம் என்ற எண்ணமே வரவில்லை.

தேவத்தை அமைதியானது. இரண்டாம் உலகப் போரில் தீவு காக்கப்பட்டால் மாதாவுக்கு ஆலயம் எழுப்புவதாக 1940-இல் பேராயர் மாசோன் நேர்ந்துகொண்டார். பேராலயம் 1974-இல் அர்ச்சிக்கப்பட்டது. கூட்டம் தாங்காதவர்களும் தனியாக உட்கார்ந்து செபமாலை சொல்ல விரும்புகிறவர்களும் இங்கே போகலாம்.

பூங்காவில் கணக்கு மாறுகிறது. பேராதனை பேரழகு; மறுக்கவே மாட்டேன். மூன்று பக்கமும் மகாவலி வளைந்தோட, 147 ஏக்கர். உலகிலேயே மிகப் பெரிய விதையைத் தரும் இரட்டைத் தென்னையை அங்கே பார்க்கலாம். நம் பனைக்கும் ஒரு சாலை வைத்திருக்கிறார்கள். ஆனால் கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர். மலைப் பாதையில் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அன்று வாடகை வேன் வேறு தாமதமாக வந்தது. பூங்காவில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். பாதி தூரம் நடந்ததும் அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய பூங்காவை அப்படி அவசரமாகப் பார்த்தது இன்னமும் மனத்தை உறுத்துகிறது.

ஹெனரத்கொட சிறியது. மலைக்காற்று கிடையாது, நல்ல புழுக்கம். ஆனால் கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கம்பஹா வந்துவிடுகிறது. 1876-இல் பிரேசில் விதையிலிருந்து லண்டன் கியூ பூங்காவில் முளைக்க வைத்த ஏறத்தாழ 1,900 ரப்பர் கன்றுகள் இலங்கைக்குக் கப்பலில் வந்தன. அவற்றை நட்டு வளர்ப்பதற்காகவே தோன்றியது இந்தப் பூங்கா. அதன் பின் தீவில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. தேயிலையைப் போலவே அங்கும் பால் வெட்டக் கங்காணிகள் அழைத்துப் போனது மதுரை, இராமநாதபுரம், திருச்சிப் பக்கத்து ஏழைகளைத்தான். எங்கள் தாத்தாவின் தம்பியும், தோட்டங்களுக்குப் போகிறவர்களைத் தங்கவைத்து அனுப்பிய மண்டபம் முகாம் வழியாகப் போனவர், திரும்பவில்லை. ரப்பர் மரத்தடியில் இதைச் சொன்னபோது, அம்மா மரப்பட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பேராதனையின் எந்த மரமும் எங்களை அப்படி நிறுத்தவில்லை.

ஆகவே இரண்டையும் கலந்துகொள்ளுங்கள்: காலையில் கொச்சிக்கடையில் திருப்பலி, பிற்பகலில் கம்பஹா. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு உரிய நாள் என்பதால் கூட்டம் மிகுதி. முதியவர்களோடு போகிறவர்கள் வேறு கிழமை பார்க்கவும். கையில் இரண்டு நாள் இருந்தால் முதல் நாள் மாலையே கண்டிக்குப் போய்த் தங்கி, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் பேராதனைக்குள் நுழைந்துவிடுங்கள்.