படகை இழுத்துப்போக வருபவர் "லிவர் போதும்" என்றால் வண்டியை நகர விடாதீர்கள்

போட்டோ எடுத்தது தற்செயல்தான். வருஷாந்திர சர்வீசுக்காகப் படகு வாசலைத் தாண்டும்போது, நண்பர்களுக்கு அனுப்பலாமே என்று போனில் ஒரு படம் எடுத்தேன். அது மட்டும் இல்லையென்றால் என் பேச்சு எங்கேயும் எடுபட்டிருக்காது. படத்தைப் பெரிதாக்கினால் இரண்டு விஷயம் தெரியும். மோட்டார் உச்சிவரை தூக்கப்பட்டு, அதன் சொந்த லிவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தூக்கிய மோட்டார் கீழே இறங்காமல் பிடிக்க மோட்டாரிலேயே இருக்கும் சின்னப் பிடிதான் இந்த லிவர். அதைத் தாங்க வேண்டிய கம்பி, பின்னால் என் கொட்டகைச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

படகு 18 அடி ஃபைபர். மோட்டார் 90 குதிரைத்திறன், நான்கு ஸ்ட்ரோக். இந்த அளவு மோட்டார் சுமார் 160 கிலோ வரும். இரண்டு பெரிய ஆட்களைப் படகின் பின்பலகையில் இருபத்து நான்கு மணி நேரமும் தொங்கவிட்ட மாதிரி. இந்தப் பின்பலகையைத்தான் டிரான்சம் என்கிறோம். தண்ணீரில் இருக்கும்போது பாரத்தை இதமாகத் தாங்கிக்கொள்ளும். படகு டிரெய்லரில் ஏறி, டிரெய்லர் ரோட்டில் ஓட ஆரம்பித்ததும் கதை வேறு.

வந்த டிரைவரிடம் நான் கேட்கத்தான் கேட்டேன். "தம்பி, அந்தக் கம்பியை மாட்டிக்கலாமே?" சுவரைக்கூடக் காட்டினேன். "அதெல்லாம் வேணாம் சார். லிவர் போட்டாச்சு, அது போதும். தினம் நாலு படகு இழுக்கறோம்" என்றார். தினம் நாலு படகு இழுக்கிறவரிடம் நான் என்ன வாதம் செய்ய? விட்டுவிட்டேன். இந்தப் பதிவில் என் மீதும் ஒரு பங்கு தப்பு இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பத்து நாள் கழித்து படகு திரும்பி வந்தது. பட்டறை முதலாளியே கூட வந்திருந்தார். "பின்னாடி கொஞ்சம் மங்கலா இருந்துச்சு சார், நம்ம கணக்குல பாலிஷ் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார். பார்த்தால் உண்மைதான், பின்பலகை கண்ணாடி மாதிரி மின்னியது. பின்பலகை மட்டும். இரண்டு பக்கவாட்டும் பழைய மங்கலில்தான் இருந்தன. கேட்காமலே இலவசமாக, அதுவும் ஒரே ஒரு பக்கத்துக்கு ஏன் பாலிஷ் போட்டார்கள் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். நான் நன்றி சொல்லி, கையெழுத்துப் போட்டு, பணமும் கொடுத்தேன்.

முதல் சந்தேகம் லிவரில்தான் வந்தது. மோட்டாரைத் தூக்கி லிவரைத் தள்ளினால் முன்பெல்லாம் டக்கென்று உட்காரும். இப்போது விரலால் நெம்ப வேண்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். லேசாக ஒரு பக்கம் வளைந்திருந்தது. நின்ற இடத்தில் இருந்தால் அது வளையக் காரணமே இல்லை. அப்புறம், படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பம்பு வழக்கத்தைவிட அடிக்கடி ஓட ஆரம்பித்தது. இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. இரண்டு மாதம் போய்விட்டது.

மூன்றாம் மாதம் ஒரு மாலை, படகைக் கழுவும்போது, மோட்டார் உட்காரும் பள்ளத்தின் மூலையில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் கீறினேன். வெள்ளைப் பூச்சு செதிலாகப் பெயர்ந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஏதோ வந்தது. பட்டி! நசுங்கிய காருக்குப் போடுகிற அதே பட்டி. விரிசலுக்குள் பட்டியை அப்பி, மேலே பெயிண்ட் அடித்து, அதன் மேல் பாலிஷ். இதுதான் அந்த "நம்ம கணக்கு".

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் பின்பலகையை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். ஓரங்களில் டண் டண் என்று கெட்டியான சத்தம். மோட்டார் போல்ட்டுகளை நெருங்க நெருங்க, நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலச் சத்தம் செத்துப்போனது. உள்பக்கம் டார்ச் அடித்தால், மேல் போல்ட்டுகள் இரண்டின் வாஷரும் ஃபைபருக்குள் நாணயத்தை அழுத்திப் பதித்த மாதிரி புதைந்திருந்தன.

வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும் பேசவே இல்லை. மோட்டாரைப் பாதி தூக்கி, கீழ்க்காலை, அதாவது புரொப்பெல்லர் இருக்கும் கீழ்ப்பகுதியை, கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். கூடவே பின்பலகையும் அசைந்தது. அசையவே கூடாது. பிறகு உள்பக்கம் சிறிய துளை ஒன்று போட்டார். டிரில் நுனியில் வந்த மரத்தூள் ஈரமாக, கறுப்பாக இருந்தது. ஃபைபர் படகில் மரம் எங்கே என்று கேட்காதீர்கள். நிறைய ஃபைபர் படகுகளின் பின்பலகைக்குள் பிளைவுட்தான் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஃபைபர் போர்த்தி. போர்வை கிழியாதவரை மரம் நன்றாக இருக்கும். மயிரிழை விரிசல் விழுந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும், வெளியே வர வழி இருக்காது. மக்க ஆரம்பித்துவிடும்.

சரி, ஒரு லிவர் இவ்வளவு செய்யுமா? செய்யும். மோட்டாரைத் தூக்கும்போது அதன் கீழ்க்கால் படகுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சாலையில் ஒவ்வொரு குழியிலும் வேகத்தடையிலும் அந்தக் கால் மேலும் கீழும் குதிக்கிறது. பின்பலகையைக் கடப்பாரையால் நெம்புவது போலத்தான் அது. மோட்டாரைப் பலகையோடு பிணைக்கிற பிராக்கெட்டின் கீழ் விளிம்பு பலகைக்குள் குத்தும், மேல் போல்ட்டுகள் பலகையைப் பின்னால் இழுக்கும். என் வாஷர்கள் புதைந்தது அப்படித்தான். இதில் லிவர் என்ன உதவி செய்கிறது? ஒன்றுமில்லை. பாரத்தை அது டிரெய்லருக்குக் கடத்துவதே இல்லை, மறுபடி அதே பிராக்கெட்டுக்குத்தான் கொடுக்கிறது. போதாக்குறைக்கு, குலுக்கலில் மோட்டார் ஒரு நொடி எம்பினால் லிவர் நழுவிவிடவும் கூடும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. யமஹா, மெர்குரி இரண்டின் உரிமையாளர் கையேட்டிலும் இருப்பதுதான்: டிரெய்லரில் இழுக்கும்போது இந்த லிவரை நம்பக் கூடாது, தரை இடிக்காதென்றால் மோட்டாரை இயல்பான செங்குத்து நிலையிலேயே விடுங்கள், தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் தனியாக ஒரு தாங்கி போடுங்கள். அந்த லிவர், நிறுத்தி வைத்த படகில் மோட்டாரைத் தூக்கி வைப்பதற்கு. தினம் நாலு படகு இழுக்கிற பட்டறைக்கு இது தெரியாது என்றால் நம்ப முடியவில்லை. கம்பி மாட்ட ஐந்து நிமிஷம் ஆகும், அதுதான் விஷயம்.

பட்டறைக்குப் போனேன். எதிர்பார்த்த பதில்தான்: "இது பழைய விரிசல் சார், மரம் ஏற்கெனவே மக்கியிருக்கும்." நியாயமாகப் பேசினால், அந்த வாதத்தில் கொஞ்சம் பசை உண்டு. பின்பலகைகள் வருஷக்கணக்கில் மெதுவாக மக்குவதும் நடக்கிற விஷயம்தான். ஆனால் புது மெக்கானிக் காட்டியது வேறு. ஈரம் போல்ட்டுகளைச் சுற்றி மட்டும், மற்ற இடமெல்லாம் காய்ந்த மரம். விரிசலின் ஓரம் அழுக்கேறாமல் புதுசாக, அதற்குள் புதுப் பட்டி. "பழைய விரிசல்னா எங்கிட்ட சொல்லியிருக்கணும்ல, ஏன் மூடினீங்க?" என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. போட்டோவைக் காட்டினேன். முதலாளி வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க வண்டிதானா?" என்றார். வண்டியின் பின்கதவில் அவர்கள் ஸ்டிக்கர் இருந்தது. கடைசியில் சர்வீஸ் கூலியில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். பின்பலகைக்கு ஒன்றும் கிடையாது. திருப்பி ஒப்படைத்தபோது நான் போட்ட கையெழுத்து அவர்களுக்கு அனுகூலமாகிவிட்டது.

இனி என் அனுபவத்தில் நீங்கள் செய்ய வேண்டியது. படகை யாரிடம் கொடுத்தாலும், கொடுக்கும் முன் பின்பலகையை வெளியே, உள்ளே, மோட்டார் பள்ளத்தின் இரண்டு மூலை, லிவர், ஒவ்வொரு போல்ட்டும் வாஷரும் என்று நெருக்கத்தில் படம் எடுங்கள். தூரத்தில் நின்று அழகாக எடுத்த படம் பிரயோஜனப்படாது. திரும்பி வந்ததும் கையெழுத்துக்கு முன் அதே இடங்களை மறுபடி எடுங்கள், தட்டிப் பாருங்கள், கீழ்க்காலை ஆட்டிப் பாருங்கள். அவசரப்படுத்துவார்கள், படுத்தட்டும்.

தாங்கிக் கம்பியை மாட்டுவதிலும் ஒரு பிசகு நடக்கிறது. கம்பியின் ஒரு முனை டிரெய்லரின் பின் குறுக்குச் சட்டத்திலோ உருளையிலோ உட்கார வேண்டும். ரப்பர் போட்ட கவை முனை மோட்டாரின் கீழ்க்காலை ஏந்த வேண்டும். அங்கே பட்டையால் கட்டி, பிறகு மோட்டாரை இறக்கும் பொத்தானை லேசாகத் தட்டி, கம்பி மேல் கொஞ்சம் அழுந்தும்படி விட வேண்டும். கம்பி கடகடவென்று ஆடினால் மாட்டியும் பயனில்லை. மோட்டாரை உச்சிவரை தூக்கவும் வேண்டாம், தரை இடிக்காத அளவு போதும்.

ஆனால் கம்பியை மட்டும் மாட்டிவிட்டுப் படகின் பின்புறத்தை டிரெய்லரோடு கட்டாமல் விட்டால் அதுவும் வினைதான். முன்னால் வின்ச் பட்டை இருக்கிறதே என்பார்கள். அது அணியத்தை, அதாவது படகின் முன்மூக்கை, மட்டும்தான் பிடிக்கும். பின்புறம் எம்பி எம்பி விழும்போது, கம்பியே கீழிருந்து மோட்டாரை இடிக்கும். பின்பலகையின் இரண்டு பக்க வளையத்திலிருந்தும் டிரெய்லர் சட்டத்துக்கு ராட்செட் பெல்ட் போட்டு, படகும் டிரெய்லரும் ஒரே உடம்பாக ஆடும்படி இறுக்குங்கள். படகு உட்காரும் நீளக் கட்டைகள் பின்பலகை வரை வருகின்றனவா என்றும் குனிந்து பாருங்கள். ஓரடி முன்னாலேயே முடிந்துவிட்டால் மோட்டார் பாரம் அந்தரத்தில் தொங்குகிறது என்று அர்த்தம். அந்த டிரெய்லரில் ஏற்றவே விடாதீர்கள்.

தூக்கும் ஹைட்ராலிக் தண்டின் மேல் மாட்டுகிற ஆப்பு மாதிரியான தாங்கிகளும் வருகின்றன. டிரெய்லரோடு சம்பந்தமில்லாததால் கீழிருந்து இடிக்காது என்பது அதன் நல்லது. பாரம் முழுவதும் பின்பலகையிலேயே நிற்கிறது என்பது கெட்டது. பலகை திடமாக இருந்தால் சரி, என்னுடையது மாதிரி பழைய படகுக்கு நான் கம்பியைத்தான் சொல்வேன். கிளாம்ப் போட்டு மாட்டுகிற சின்ன மோட்டார் என்றால் இந்தக் கவலையே வேண்டாம், கழற்றி வண்டிக்குள் வைத்துவிடுங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்றால் எந்தப் பக்கம் படுக்க வைக்கலாம் என்று மோட்டாரிலேயோ கையேட்டிலேயோ குறித்திருக்கும், அதைப் பார்த்துப் படுக்க வையுங்கள். தப்பாகப் படுத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

வேலைச் சீட்டில் நான் இப்போது என் கையாலேயே எழுதுகிற வரி இது: "தாங்கிக் கம்பியும் பின்பக்க பெல்ட்டும் இல்லாமல் படகை நகர்த்தக் கூடாது. எந்த விரிசலும் எனக்குக் காட்டாமல் மூடக் கூடாது." கையெழுத்து வாங்கிய பிறகுதான் சாவி. இந்தத் தடவை பின்பலகையைச் சரிசெய்ய வந்தவர் வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார், கையெழுத்தும் போட்டார். மோட்டாரைக் கழற்றி மர ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறார். படகின் பின்புறத்தை அறுத்து மரத்தை வெளியே எடுத்தாகிவிட்டது. உள்ளே புது மெரைன் பிளைவுட் வைத்து மறுபடி ஃபைபர் போர்த்த இன்னும் நாலு வாரமாவது ஆகும் என்கிறார்.