பரங்கிக்காய் மசியல்: குக்கரா, ஓவனா, மூடிய வாணலியா?

பரங்கிக்காய் மசியலில் காயைத் தவிர உப்பு, மிளகு, நெய் ஆகிய மூன்றுதான் உண்டு. ஆகவே காயை எப்படி வேகவைக்கிறோம் என்பதே அதன் ருசியை முடிவு செய்கிறது. எங்கள் பெங்களூர் வீட்டில் சப்பாத்திக்கும் ராகி ரொட்டிக்கும் மிளகு ரசம் விட்டுப் பிசைந்த சாதத்துக்கும் இது வழக்கமாகத் தொட்டுக்கொள்ளும் பண்டம். குக்கர், இட்லிப் பானை, மின்சார ஓவன், மூடிய வாணலி என்று நான்கு வழிகளிலும் செய்து பார்த்துவிட்டு, இப்போது வாணலியிலேயே நிலைத்திருக்கிறோம். மற்ற மூன்றையும் கைவிட்டதற்கு வெவ்வேறு சிறு காரணங்கள் இருந்தாலும், எல்லாவற்றையும் மிஞ்சி நின்ற காரணம் ஒன்றே: காயில் இருக்கும் நீர்.

பால்கூட்டு, தயிர்ப் பச்சடி, புளிக்குழம்பு, கேரளத்து எரிசேரி என்று பரங்கிக்காயைப் பல விதமாகச் சமைத்துப் பழகியவர்களுக்கு இந்த நீர் பெரிய தொல்லையாகத் தோன்றியிருக்காது. பால்கூட்டில் கடைசியாகக் கரைத்து ஊற்றும் அரிசி மாவு அதை வாங்கிக்கொள்ளும். எரிசேரியில் அரைத்த தேங்காயும் பயறும் வாங்கிக்கொள்ளும். குழம்பு என்றால் நீர்த்திருப்பதில் குறையே இல்லை. வெறும் காயை மசிக்கும்போது அதை வாங்கிக்கொள்ள எதுவுமில்லை. தட்டில் ஒரு கரண்டி மசியலை வைத்துவிட்டுச் சப்பாத்தி எடுத்து வருவதற்குள் அதைச் சுற்றி மஞ்சள் நீர் வளையம் கட்டிவிடும். அந்த நீர் சப்பாத்தியின் ஓரத்தை நனைக்கும், உப்பு மிளகின் சுவையையும் மழுக்கிவிடும்.

கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 100 கிராம் பரங்கிச் சதையில் ஏறத்தாழ 92 கிராம் நீர். அதே இனத்தைச் சேர்ந்த, நீண்ட கழுத்தும் வெளிர்ந்த சந்தன நிறத் தோலும் கொண்ட பட்டர்நட் காயில் அது ஏறத்தாழ 86 கிராம். வேறுபாடு 6 கிராம்தான் என்றாலும், நீர் போக மிஞ்சுவது ஒன்றில் 8 கிராம், மற்றதில் 14 கிராம். மசியலுக்கு உடம்பும் இனிப்பும் தருவது இந்த மிச்சம்தான். தோலும் விதையும் நீக்கிய 800 கிராம் பரங்கிச் சதையை, வேகவைக்காத பட்டர்நட்டின் கெட்டித்தன்மைக்குக் கொண்டுவருவதற்கே 340 கிராம் நீர், அதாவது ஒன்றரை டம்ளருக்கும் மேல், வெளியேறியாக வேண்டும். அந்த நீர் எந்த வழியாகப் போகிறது என்பதும் முக்கியம். வடித்துக் கொட்டினால் அதில் கரைந்த சர்க்கரையும் கூடவே போய்விடும்; ஆவியாகப் போனால் நீர் மட்டுமே போகும், இனிப்பு பாத்திரத்தில் தங்கிவிடும். நான்கு வழிகளையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்.

குக்கரின் வசதியைப் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஒரு விசிலுக்குள் காய் குழைந்துவிடும். பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் அமைந்திருப்பதால், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. துவரம்பருப்பும் ராஜ்மாவும் இங்கே சற்று அடம்பிடிக்கும் என்பதால் அவற்றுக்குக் குக்கர் இல்லாமல் முடியாது. ஆனால் பரங்கிக்காய் சாதாரணச் சூட்டிலேயே சீக்கிரம் இளகிவிடும் காய். அதற்கு அழுத்தத்தின் உதவி வேண்டியதே இல்லை. அது மட்டுமல்ல, குக்கரில் நீர் வெளியேற இடமும் இல்லை. காயைத் தனிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றாமல் வைத்தாலும், மூடியின் உட்புறத்தில் குளிரும் ஆவி துளித்துளியாகக் காயின் மேலேயே விழும். திறக்கும்போது துண்டுகள் தம் சாற்றிலேயே மிதக்கும். அதை வடிக்க மனம் வராது, விடவும் முடியாது. பிள்ளைக்கு ஊட்டுவதற்கோ சூப்புக்கோ என்றால் குக்கரே போதும். மசியலுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

குக்கரில் வேகவைத்துவிட்டுப் பிறகு வாணலியில் வற்றவைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், ஆனால் அது சுற்றுவழி. குழைந்துபோன காயிலிருந்து ஆவி எளிதில் வெளிவராது. அடியில் குமிழி கட்டி, மேலே இருக்கும் கூழைத் தள்ளிக்கொண்டு வெடிப்பதால் கையிலும் அடுப்பு மேடையிலும் தெறிக்கும்; கிளறுவதை ஒரு நிமிடம் நிறுத்தினால் அடிப்பிடிக்கும். துண்டுகளுக்கு இடையே சந்து இருக்கும்போது ஆவி தடையின்றி மேலே போய்விடும். ஆகவே காய் துண்டாக இருக்கும்போதே நீர் போய்விட வேண்டும், மசிப்பது அதற்குப் பின்னரே நடக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இட்லிப் பானையில் ஆவியில் வேகவைப்பது குக்கரைவிட ஒரு படி மேல். தட்டின் துளைகள் வழியாகச் சாறு கீழே இறங்கிவிடுவதால் துண்டுகள் உருக்குலையாமல் இருக்கும். நிறமும் நன்றாக நிற்கும். இருந்தாலும் சாறு பானைத் தண்ணீரோடுதான் சேர்கிறது. அந்தத் தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசைய எடுத்துக்கொள்பவர்களுக்கு இது நல்ல வழியே.

ஓவனைப் பற்றி நான் அடக்கமாகத்தான் பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. நாத்தனார் வீட்டுக்குப் போகும்போது செய்ததுதான் என் அனுபவம். காயை நெடுவாக்கில் இரண்டாக வகிர்ந்து, விதையை வழித்துவிட்டு, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து, 200 டிகிரியில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் சுட்டால், தோலுக்குள்ளேயே காய் வெந்து, ஓரங்கள் சிவந்து, சதை கரண்டியில் வழித்தெடுக்கும் பதத்துக்கு வந்துவிடும். தோல் சீவும் வேலை மிச்சமாவது பெரிய லாபம்; வறண்ட சூட்டில் நீர் ஆவியாகவே போவதால் இனிப்பும் காயிலேயே நிற்கிறது. சுவையை மட்டும் பார்த்தால் நான்கில் இதற்கே முதலிடம் தருவேனோ என்னவோ. ஆயினும் 1,500 வாட் ஓவனை ஒரு கிண்ணம் மசியலுக்காக ஒரு மணி நேரம் ஓட்டுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. அதில் வேறு ஏதேனும் சுடும் நாளில் இரண்டையும் ஒன்றாகத் தள்ளிவிடுவதானால் அது வேறு கணக்கு. மேலும் இந்த முறைக்கு முழுக்காய் வேண்டும். நமக்குக் கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் பெரிய காயிலிருந்து அறுத்துக் கொடுக்கும் கீற்று.

இனி வாணலி. நான் பழகியதும் விரும்புவதும் இதுவே என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வாணலியின் அடி கனமாக இருக்க வேண்டும். இரும்பானாலும் ஈயம் பூசிய பித்தளையானாலும் சரி, மெல்லிய பாத்திரம் மட்டும் உதவாது. விதையையும் நாரையும் நீக்கித் தோலைச் சீவிய காயை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, வாணலியில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டு, துண்டுகளைப் பரப்பி, வேண்டிய உப்பை அப்போதே தூவிவிட வேண்டும். உப்பு காயின் நீரை வெளியே இழுக்கும் என்பதால் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்ற வேண்டியதில்லை. தீயைக் குறைத்து மூடிவைத்தால், சில நிமிடங்களில் அடியில் சாறு ஊறி, காய் அதிலேயே வேகத் தொடங்கும். இடையில் ஒருமுறை மூடியைத் திறந்து புரட்டிவிட வேண்டும். மூடியில் கட்டிய நீரைத் திரும்ப வாணலிக்குள் விழவிடாமல் பக்கவாட்டில் சாய்த்து எடுப்பது நல்லது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் துண்டை நசுக்கினால் நசுங்கும் பதம் வந்துவிடும்.

அங்கே மூடியின் வேலை முடிகிறது. மூடியை எடுத்துவிட்டுத் தீயைச் சற்றுக் கூட்டி, துண்டுகளை உடைக்காமல் மெல்லப் புரட்டிக்கொண்டே இருந்தால், வெளிவந்த சாறு அதே பாத்திரத்தில் வற்றி, காயின் மேலேயே படியும். காதைக் கொடுத்தாலே பதம் தெரியும்: முதலில் களகளவென்று கொதிக்கும் ஓசை கேட்கும்; நீர் குறையக் குறைய அது அடங்கி, நெய்யில் ஏதோ பொரிவதுபோன்ற மெல்லிய சடசடப்பாக மாறும். அப்போது சில துண்டுகளின் அடிப்பக்கம் பொன்னிறமாகச் சிவந்திருக்கும். கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுத்தால், இருபுறமும் நீர் கசிந்து வந்து கோட்டை மூடாமல் அது அப்படியே நிற்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டுக் கீரை மத்தால் அழுத்தி மசித்தால் போதும். மிக்ஸியில் போடுவதை நான் விரும்புவதில்லை. அங்கங்கே சிறு கட்டிகள் இருந்தால்தான் பல்லுக்கு ஏதாவது அகப்படும். சிவந்த பகுதிகள் மசியல் முழுவதும் கலந்துவிடுவதால், ஓவனில் சுட்டதன் சுவையில் பெரும்பங்கு இதிலேயே கிடைத்துவிடுகிறது. அடுப்பெரியும் நேரமும் மொத்தம் இருபத்தைந்து நிமிடத்துக்குள் அடங்கும்.

இதிலும் குறை உண்டு. முற்றிய பரங்கியின் தோலைச் சீவுவது கைக்கு வேலை. அரிவாள்மனை பழகியவர்களுக்குச் சுலபம், கத்தியும் பலகையும் வைத்துக்கொண்டு செய்பவர்கள் கீற்றைச் சிறு பத்தைகளாக்கிக்கொண்டு, தோல்பக்கம் பலகைமேல் படும்படி நிறுத்தி மேலிருந்து கீழாகச் சீவினால் கத்தி வழுக்காது. இரண்டாம் கட்டத்தில் அடுப்பை விட்டு நகர முடியாது. நிறையப் பேருக்குச் செய்வதென்றால் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து, வற்றுவதற்குப் பதில் கூழாகிவிடும். ஒரு கிலோவுக்கு மேல் போனால் இரண்டு ஈடாகச் செய்வதே சரி.

காயின் தேர்வு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீரின் அளவு அங்கேயே பாதி முடிவாகிவிடுகிறது. பட்டர்நட் பெங்களூரில் பெரிய காய்கறிக் கடைகளில் கிடைக்கிறது. அதன் சதை நாரின்றி வழவழப்பாக மசியும், நீரும் குறைவு. வாணலியில் வற்றவைக்கும் நேரம் பாதியாகிவிடும். தோல் சீவும்போது கசியும் பால் கையில் காய்ந்து, தோலை இழுத்துப் பிடிப்பதுபோல் ஆகிவிடும் என்பதால் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. ஆனால் விலை பெரும்பாலும் பரங்கியைவிடப் பல மடங்கு இருக்கிறது. ஆகவே அதை வாங்கிய அனுபவம் எனக்குக் குறைவே. அன்றாடத்துக்கு நான் வாங்குவது பரங்கிதான்.

நம் ஊர்ப் பரங்கியிலும் ரகங்கள் உண்டு. பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா சந்தன் இரண்டு மூன்று கிலோ எடையில் காய்க்கும். அர்கா சூர்யமுகி அதைவிடச் சிறியது, ஒன்று ஒன்றரைக் கிலோதான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகமும் சிறு காய்தான். கடையில் ரகத்தின் பெயரைச் சொல்லி யாரும் விற்பதில்லை என்பதால், மல்லேஸ்வரத்திலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ நான் பார்ப்பது கீற்றின் வெட்டுமுகத்தைத்தான். அது ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்தில், விரலால் தொட்டால் ஈரம் ஒட்டாமல் இருக்க வேண்டும். விதைகள் பருத்துக் கெட்டியாக இருக்க வேண்டும். தோலில் நகம் இறங்கக் கூடாது. வெட்டுமுகம் வெளிர்மஞ்சளாக நீர் கோத்து மினுமினுத்தால் அது பிஞ்சிலே பறித்த காய். பொரியலுக்கு அது தாராளமாகப் போதும், மசியலுக்கு ஆகாது. முழுக்காயாக வாங்கினால், காம்பு காய்ந்து கட்டைபோல் இருப்பதைத் தேர்ந்தெடுத்து, சமையலறையின் காற்றோட்டமான மூலையில் சில வாரங்கள் வைத்திருக்கலாம். இருக்க இருக்க அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால் இனிப்பு கூடும். பெங்களூரின் மிதமான வெப்பம் அதற்குத் தோதானது. அறுத்த கீற்றையோ மூன்று நான்கு நாளுக்குமேல் குளிர்சாதனப் பெட்டியிலும் நம்ப முடியாது.

கடைசியாகச் சேர்ப்பது வெண்ணெயா நெய்யா என்பதையும் அதே கேள்வியால் தீர்த்துக்கொள்ளலாம். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர். நெய்யில் அது இல்லை என்றே சொல்லலாம். அரும்பாடுபட்டு வற்றவைத்ததில் மறுபடி நீரைச் சேர்ப்பானேன்? மசித்த சூட்டோடு இரண்டு தேக்கரண்டி நெய்யும், அப்போது பொடித்த மிளகும் சேர்த்துக் கிளறினால் போதும். காயின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது என்பதால், நெய் சேர்ந்தால்தான் உடம்பு அதை நன்றாக ஏற்கும். இனிப்பு தூக்கலாகத் தெரிந்தால் பரிமாறும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடலாம். கடுகு, மிளகாய் வற்றல் தாளிப்பவர்களும் உண்டு; நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காயின் வாசனை பின்னுக்குப் போய்விடும்.

மீந்த மசியலிலும் வேறுபாடு தெரிகிறது. வற்றவைத்துச் செய்தது மறுநாள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது வெட்டி எடுக்கும் பதத்தில் இருக்கும். கோதுமை மாவோடு சேர்த்துப் பிசைந்து சப்பாத்தி இடலாம், ராகி மாவோடு சேர்த்து ரொட்டி தட்டலாம். குக்கரில் செய்ததைச் சேர்த்தால் மாவு தளர்ந்து, மேலும் மேலும் மாவு போட வேண்டியதாகும். உறையவைத்து மாதக்கணக்கில் வைத்திருந்து நான் பார்த்ததில்லை. இரண்டு நாளுக்குள் எங்கள் வீட்டில் தீர்ந்துவிடுகிறது.