கெர்னலா, லிப்சியா, லிப்யூவியா: ரன்டைமின் அடித்தளத்தை எதன்மேல் நிறுத்துவது?

புது நிரலாக்க மொழி ஒன்றை உருவாக்குகிறவர்கள் அரைப்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். அதைவிடப் பல மடங்கு காலம் தொல்லை தரப்போகிற இன்னொரு முடிவு அதிகச் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டுவிடும். மணி என்ன, கொஞ்சம் நினைவகம் கொடு, இந்த த்ரெட்டை (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) தூங்க வை, அந்த சாக்கெட்டில் ஏதாவது வந்தால் எழுப்பு என்றெல்லாம் ரன்டைம் (நிரல் ஓடும்போது அதைத் தாங்கி நிற்கும், மொழியின் சொந்த அடித்தளம்) கேட்க வேண்டியிருக்கிறதே, அதை யாரிடம் கேட்பது?

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. நேரே கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், சிஸ்டம் கால் என்ற நேரடிக் கோரிக்கையைப் போடலாம். கோ மொழி ஆரம்பத்தில் யூனிக்ஸ் வகைகளில் பெரும்பாலும் அப்படித்தான் செய்தது. அல்லது இயங்குதளத்தோடு வரும் லிப்சி (சி மொழியின் அடிப்படை லைப்ரரி) போன்ற லைப்ரரியைக் கூப்பிடலாம். ரஸ்ட்டின் ஸ்டாண்டர்ட் லைப்ரரி யூனிக்ஸ் பக்கம் எடுத்துக்கொண்ட வழி இது. மூன்றாவது, எல்லா இயங்குதளத்துக்கும் ஒரே முகம் காட்டுகிற இடைலைப்ரரி ஒன்றை வைத்துக்கொள்வது. நோட்.ஜேஎஸ்ஸும் ஜூலியாவும் லிப்யூவியின்மேல் நிற்பது இப்படித்தான்.

இதில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதே பிசகு என்பது என் கட்சி. எது சரி என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. “இது மாறாது” என்ற வாக்குறுதியை இயங்குதளக்காரர் எந்த மட்டத்தில் கொடுத்திருக்கிறாரோ, அந்த மட்டம்தான் தீர்மானிக்கிறது. லினக்ஸ் கெர்னல் தன் சிஸ்டம் கால்களுக்கே அந்த வாக்கைக் கொடுக்கிறது. பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எவ்வளவு கறார் என்பது ஊரறிந்த விஷயம். விண்டோஸில் சிஸ்டம் கால் எண்களே ஒரு பில்டுக்கும் அடுத்த பில்டுக்கும் மாறும், வாக்குறுதி டிஎல்எல் என்ற லைப்ரரிக் கோப்புகளில்தான் இருக்கிறது. மேக்ஓஎஸ்ஸில் அது லிப்சிஸ்டம் என்ற லைப்ரரியின் மட்டத்தில். ஓப்பன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகைக்காரர்கள் இன்னும் வெளிப்படை: லிப்சி வழியாக வா, மற்றதெல்லாம் எங்கள் வீட்டு விவகாரம், எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்பார்கள்.

நேர்வழியின் விலை

கோ இந்தப் பாடத்தைப் படித்தது 2016இல். மேக்ஓஎஸ் சியர்ரா பீட்டா வெளிவந்த சமயம். அதுவரை எக்ஸ்86 மேக்கில் நேரம் கேட்கும் சிஸ்டம் காலைப் போட்டால் பதில் ஏஎக்ஸ், டிஎக்ஸ் என்ற இரண்டு ரெஜிஸ்டர்களில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) வந்து உட்கார்ந்திருக்கும். கோவின் அசெம்பிளி அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். சியர்ராவில் ஆப்பிள் அந்த வழக்கத்தை மாற்றியது. ஏஎக்ஸில் பூஜ்யம் வந்தால், பதில் ரெஜிஸ்டரில் இல்லை, முதல் ஆர்க்யூமென்ட் காட்டும் நினைவக இடத்தில் எழுதியாகிவிட்டது என்று பொருள். கோ அதற்கேற்ப மாற்றி முடித்தால், நாலாவது பீட்டாவில் அடுத்த அடி. இப்போது டிஎக்ஸ் ரெஜிஸ்டரையும் கெர்னல் ஒரு பாயின்டராகப் பார்க்க ஆரம்பித்தது, கூடுதல் தகவல் ஒன்றை எழுதிவைக்க. கோ அந்த ரெஜிஸ்டரைத் துடைக்காமல் விட்டிருந்தது. அதில் என்ன குப்பை கிடந்ததோ, அந்த முகவரியில் கெர்னல் எழுதும். நிரலின் நினைவகம் சத்தமில்லாமல் கெடும்.

ஆப்பிளைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் லிப்சிஸ்டத்தையும் சேர்த்தே மாற்றியிருந்தார்கள். அதன் வழியாக நேரம் கேட்ட நிரல்களுக்கு எதுவும் தெரியக்கூட இல்லை. அரசு அலுவலகத்தில் கவுன்ட்டரில் மனு கொடுக்காமல் உள்ளே போய் மேசையில் வைத்துப் பழகியவருக்கு, மேசையை இடம் மாற்றினால் யாரும் நோட்டீஸ் ஒட்டமாட்டார்கள் அல்லவா, அந்தக் கதைதான்.

கோ 1.7 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது. ஆனால் உண்மையான வலி வேறு இடத்தில். கோ பைனரி (கம்பைல் ஆன நிரல் கோப்பு) தன் ரன்டைமைத் தன் வயிற்றிலேயே சுமந்து திரிவது. இயங்குதளத்தைப் புதுப்பித்தால் அது சரியாகாது. பழைய பதிப்பில் கம்பைல் செய்த ஒவ்வொரு கருவியையும் அதன் ஆசிரியர் மறுபடி பில்டு செய்து வெளியிட வேண்டியிருந்தது. ஆசிரியர் கைவிட்டுப் போன கருவி என்றால் அதோடு சரி.

2018இல் வந்த கோ 1.11இல் மேக் ரன்டைம் லிப்சிஸ்டம் பக்கம் சாய்ந்தது. அப்போதும் சிஸ்டம் கால்களுக்கான சிஸ்கால் பேக்கேஜ் பழைய வழியிலேயே இருந்தது, 1.12இல்தான் அதுவும் மாறியது. ஓப்பன்பிஎஸ்டியில் 64 பிட் எக்ஸ்86க்கும் ஆர்முக்கும் 2021இல், 1.16 பதிப்பில். சொலாரிஸ் இயங்குதளத்துக்கான போர்ட் (மொழியை அங்கே ஓட வைக்கும் வடிவம்) மட்டும் 2014இல் நுழைந்தபோதே லிப்சி வழியாகத்தான் வந்தது, அங்கே வேறு வழி கிடையாது. விண்டோஸில் ஆரம்பம் முதலே டிஎல்எல். ஆக, “கோ நேரே கெர்னலோடு பேசுகிறது” என்று இன்னமும் பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. லினக்ஸிலும் சில பிஎஸ்டிகளிலும் பேசுகிறது. மற்ற இடங்களில் கவுன்ட்டருக்குத்தான் போகிறது.

பிறகு ஏன் அந்த வழியைக் கைவிடவில்லை?

லினக்ஸில் அதன் லாபம் அவ்வளவு பெரிது. சி நிரலை இணைக்கும் சிகோ வசதியை அணைத்துவிட்டு பில்டு செய்தால் எந்த லைப்ரரியையும் நம்பாத ஒற்றைக் கோப்பு கைக்கு வரும். காலி டாக்கர் இமேஜில் போட்டாலும் ஓடும், டெபியனில் போட்டாலும் ஓடும், ஆல்பைனில் போட்டாலும் ஓடும்.

ரஸ்ட்காரர்களிடம் கேளுங்கள். வழக்கமான லினக்ஸ் டார்கெட்டில் (பில்டு இலக்கு) புது உபுண்டுவில் பில்டு செய்த பைனரியைப் பழைய சென்ட்ஓஎஸ் சர்வரில் போட்டால், இந்த கிளிப்சி (லினக்ஸில் வழக்கமான லிப்சி) பதிப்பு இங்கே இல்லை என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிடும். கிளிப்சியின் வாக்குறுதி ஒருவழிப் பாதை: பழையதில் கட்டியது புதியதில் ஓடும்; ஆனால் புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் ரஸ்ட் குழு ஒரு அடிமட்டத்தை அறிவித்து வைக்க வேண்டியிருக்கிறது. 2022இல் 1.64 பதிப்பில் அதை கிளிப்சி 2.17, கெர்னல் 3.2 என்று உயர்த்தினார்கள். புதிதாக வந்த ஃபங்ஷன் ஏதாவது வேண்டுமென்றால், இருக்கிறதா என்று ஓடும்போது தேடிப்பார்த்து, இல்லாவிட்டால் பழைய வழிக்குத் திரும்பும் நிரல் துண்டுகள் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் இருக்கின்றன. கிளிப்சிக்குப் பதிலான மசல் என்ற இன்னொரு லிப்சியின் டார்கெட்டுக்கு மாறினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீரும். ஆனால் மசலின் மெமரி அலகேட்டர் (நினைவகம் ஒதுக்கும் பகுதி) பல த்ரெட் ஓடும் நிரல்களில் மெதுவானது என்ற புகார் கூடவே வரும்.

இன்னொரு லாபம் அதிகம் பேசப்படாதது. கோரூட்டீன் (கோவின் இலகுவான த்ரெட்) ஒன்று 2 கேபி ஸ்டாக்கோடு (ஃபங்ஷன்கள் வேலை செய்யும் நினைவகப் பகுதி) பிறக்கிறது. சி ஃபங்ஷன்களோ மெகாபைட் கணக்கில் ஸ்டாக் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. ஆகவே லிப்சியைத் தொடும் ஒவ்வொரு முறையும் கோ ரன்டைம் அந்த த்ரெட்டின் பெரிய ஸ்டாக்குக்குத் தாவி, வேலையை முடித்துத் திரும்ப வேண்டும். ரஸ்ட்டுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. அதன் த்ரெட் இயங்குதளம் கொடுத்த சாதாரண த்ரெட். ரஸ்ட் லிப்சியைத் தேர்ந்தெடுத்தது வெறும் புத்திசாலித்தனம் இல்லை, அதற்கு அது மலிவாகக் கிடைத்தது. இரண்டையும் ஒப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஸ்டாக் விஷயத்தில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017இல் ஒரு அழகான உதாரணம் கிடைத்தது. லினக்ஸில் மணி கேட்பதை வேகமாக்க, கெர்னலே விடிஎஸ்ஓ என்ற சிறு நிரல் துண்டை ஒவ்வொரு ப்ராசஸிலும் செருகி வைத்திருக்கும். கோ அதைச் சிறிய கோரூட்டீன் ஸ்டாக்கில் நின்றபடியே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம்தான் ஸ்டாக் பிடிக்கும் என்ற நம்பிக்கை. ஜென்டூ ஹார்டன்டு என்ற லினக்ஸ் வகையின் கெர்னலில் ஸ்டாக் சோதனையை இயக்கி கம்பைல் செய்திருந்தார்கள். அதனால் அந்தத் துண்டு, இடம் இருக்கிறதா என்று பார்க்க, 4 கேபி கீழே போய் நினைவகத்தில் ஒரு மதிப்பைப் படித்து, பூஜ்யத்தோடு ‘ஆர்’ (OR) செய்து, அதே மதிப்பைத் திரும்ப எழுதும். மதிப்பு மாறாது, யாருக்கும் தொந்தரவில்லை என்று தோன்றும். ஆனால் அந்த இடம் கோரூட்டீனின் ஸ்டாக்குக்கு வெளியே, வேறொரு த்ரெட் பயன்படுத்தும் நினைவகத்தில் விழுந்தது. படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் அந்த த்ரெட் புது மதிப்பை எழுதியிருந்தால், பழைய மதிப்பு அதன்மேல் வந்து விழும். எப்போதாவது ஒருமுறை, எந்த ஒழுங்கும் இல்லாமல், நிரல் செத்துப்போகும். கடைசியில் கோ ரன்டைம் விடிஎஸ்ஓவைக் கூப்பிடவும் பெரிய ஸ்டாக்குக்கு மாறிக்கொண்டது. கெர்னலோடு நேரே பேசுபவர் லிப்சி எழுதுபவரின் வேலையையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். சம்பளம் ஒன்று, வேலை இரண்டு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. லினக்ஸில் ரஸ்ட்டே லிப்சியின் வழக்கமான கருவிகளை விட்டு இறங்கிப் போன இடம் இருக்கிறது. 2022இல் 1.62 பதிப்பில் மியூடெக்ஸ் போன்ற பூட்டுகளை (ஒரே நேரத்தில் பல த்ரெட்கள் ஒன்றைத் தொடாமல் காப்பவை) லிப்சியின் பீத்ரெட்ஸிலிருந்து எடுத்து, நேரடியாக ஃபியூடெக்ஸ் சிஸ்டம் காலின்மேல் கட்டினார்கள். 40 பைட் பிடித்த மியூடெக்ஸ் 5 பைட்டுக்கு இறங்கியது. கெர்னல் வாக்குறுதி கொடுத்திருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இடையில் ஒருவரை வைத்தால்

லிப்யூவி பிறந்ததன் காரணம் விண்டோஸ். நோட் 2009இல் வந்தபோது யூனிக்ஸ் லைப்ரரிகளான லிப்இவி, லிப்இஐஓ மேல்தான் நின்றது. விண்டோஸ் போர்ட் பேச்சு வந்ததும் சிக்கல். யூனிக்ஸ் பக்கம் ஈபோல், கேக்யூ எல்லாம் “சாக்கெட் தயார், வந்து படி” என்று சொல்பவை. விண்டோஸின் ஐஓசிபி “நீ கேட்டதைப் படித்து முடித்துவிட்டேன், எடுத்துக்கொள்” என்று சொல்வது. இந்த இரண்டையும் ஒரே ஏபிஐக்குள் அடைக்க 2011இல் வந்ததுதான் லிப்யூவி. அது விண்டோஸ் பாணியைப் பொது முகமாக எடுத்துக்கொண்டு யூனிக்ஸில் அதைப்போல நடிக்கிறது. சரியான முடிவு. தயார் என்ற செய்தியிலிருந்து முடிந்தது என்ற செய்தியை உண்டாக்குவது சுலபம், தலைகீழாகச் செய்வதுதான் நரகம்.

மொழி எழுதுபவர் பார்வையில் இதைவிட வசதி வேறில்லை. விண்டோஸ் தனிக் கோப்புறை, யூனிக்ஸ் தனிக் கோப்புறை என்று எல்லா அழுக்கும் அடுத்தவர் ரெப்போவில் இருக்கும். ஆனால் அடுத்தவர் எடுக்கும் முடிவும் சேர்ந்தே வரும். 2023இல் 1.45 பதிப்பில் லிப்யூவி, லினக்ஸில் கோப்பு வேலைகளுக்கு ஐஓ யூரிங் என்ற கெர்னல் வசதியைப் பயன்படுத்தத் தொடங்கியது. வேகத்துக்கு நல்லதுதான். ஆனால் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனர்) தொடங்கி, பிறகு சாதாரண பயனராக இறங்கும் நோட் நிரல்களில் ஓட்டை விழுந்தது. இறங்குவதற்கு முன்பே திறந்துவிட்ட ஐஓ யூரிங், பழைய அதிகாரத்தோடு தொடர்ந்து வேலை செய்தது. 2024 தொடக்கத்தில் நோட் இதைப் பாதுகாப்புத் திருத்தமாக வெளியிட நேர்ந்தது. தன் ரன்டைமில் ஒரு வரியும் மாற்றாதவருக்கு இந்த மாதிரிக் குண்டு வந்து விழும்போது, உள்ளே என்ன நடக்கிறது என்று படித்துப் பார்க்கவாவது ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். ஸ்கெட்யூலர் (எந்த வேலை எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் பகுதி) தன் கையில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கும் மொழிகளுக்கு லிப்யூவி ஆரம்பத்திலேயே ஒத்துவராது. நிகழ்வுகளுக்குக் காத்திருந்து வேலையை ஒப்படைக்கும் நிகழ்வுச் சுழலின் சொந்தக்காரர் அது.

ஆள் யார்?

எந்த வழியானாலும் போர்ட் ஒன்றை உயிரோடு வைத்திருப்பது, அந்த இயந்திரத்தை வைத்திருக்கும் ஆள்தான். கோ மொழியில் லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகியவற்றின் சில கட்டமைப்புகள் முதல் வகுப்பு போர்ட்கள், அவை உடைந்தால் வெளியீடு நிற்கும். மற்றவற்றுக்குக் குறைந்தது இரண்டு டெவலப்பர்கள் பொறுப்பேற்க வேண்டும், தானாகச் சோதனை ஓட்டும் பில்டர் இயந்திரமும் வேண்டும். ரஸ்ட்டில் மூன்று அடுக்கு: முதல் அடுக்கு சோதனையோடு உறுதி, இரண்டாவது கம்பைல் ஆகும் என்ற உறுதி, மூன்றாவதில் நிரல் கிடக்கிறது, மற்றபடி உங்கள் பாடு. கோவின் வழி கறாரானது, ரஸ்ட்டின் வழி தாராளமானது. எனக்குக் கறார்தான் பிடிக்கும். மூன்றாம் அடுக்கில் பெயர் இருப்பதைப் பார்த்து, ஆதரவு இருக்கிறது என்று நம்பித் திட்டம் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

இன்று யாராவது புது ரன்டைம் தொடங்கினால் நான் சொல்வது இது. விண்டோஸிலும் மேக்கிலும் ஓப்பன்பிஎஸ்டியிலும் கெர்னலை நேரே தொடும் ஆசையே வேண்டாம். லினக்ஸில் ஒற்றைக் கோப்பாகப் பைனரி கொடுப்பது உங்கள் மொழியின் முக்கிய வாக்குறுதி என்றால் மட்டும் நேரே போங்கள், விடிஎஸ்ஓவைக் கூப்பிடும்போது முழு ஸ்டாக் கொடுங்கள். அப்படி ஒரு வாக்குறுதி இல்லையென்றால் லிப்சி, பூட்டுகளுக்கு மட்டும் ஃபியூடெக்ஸ். மொழி சின்னது, நிகழ்வுச் சுழல் மாதிரி ஒத்துப்போகிறது, குழுவில் விண்டோஸ் தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் யோசிக்காமல் லிப்யூவியை எடுங்கள். பதிப்பை மட்டும் ஒன்றிலேயே நிலைநிறுத்தி வையுங்கள், மாற்றக் குறிப்பைப் படிக்காமல் ஏற்றாதீர்கள்.