அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: உள்பூச்சு என்று சொல்லி என்னை ஏமாற்றிய கதை

எண்ணூர் பக்கம் எங்கே பார்த்தாலும் ஃபைபர் படகுதான். அலுமினியம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். அதனால் அந்த வேலை தெரியாதவர்களும் தெரியும் என்று சொல்லிக் காசு வாங்கிவிடுகிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இன்னொருவர் மாட்டக் கூடாது.

என்னுடையது 14 அடிப் படகு, தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்தது. நானும் மச்சானும் கழிமுகத்தில் நண்டு வலை போடுவோம். ரிவெட் வழியாகத் தண்ணீர் ஊறி, மணிக்கு இரண்டு வாளி இறைக்க வேண்டியிருந்தது. சாலையோரப் பட்டறை ஒன்றில் காட்டினோம். “உள்ள முழுசா கோட்டிங் அடிச்சுடறேண்ணே, அஞ்சு வருஷம் கை வைக்க வேணாம்” என்றார். 16,500 ரூபாய். பில் கேட்டால், “நமக்குள்ள என்னண்ணே பில்லு.” நானும் விட்டுவிட்டேன். நாலாம் நாள் படகு வந்தது. உள்ளே பளபளவென்று சிவப்பு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மூன்றாம் மாதம் மறுபடி தண்ணீர். மிதிபலகையைத் தூக்கிப் பார்த்தேன். பெயிண்ட் ஓரத்தில் நகத்தை வைத்தால் பாலாடை மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு எழுந்து வருகிறது. அடியில் ஈரமான வெள்ளைப் பொடி, சுண்ணாம்பு போல. துடைத்தால் தகடு முழுக்கக் குண்டூசிக் குழிகள். ஒரு குழியில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினேன். மறுபக்கம் போய்விட்டது. வயிறு எரிந்தது.

காசிமேட்டில் வெல்டிங் வேலை செய்யும் பெரியவர் ஒருவர்தான் விளங்க வைத்தார். ரிவெட் தலையைச் சுரண்டிப் பார்த்ததும், “இது பாத்ரூம் சிலிக்கான் தம்பி” என்றார். வினிகர் வாடை அடிக்கிற, இடுக்கு அடைக்கும் அந்தச் சிலிக்கான் பசை காயும்போது அமிலம் விடும், அலுமினியத்தை அரிக்கும். அதன்மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது. சிவப்புப் பூச்சு அதைவிட மோசம். மரப்படகின் அடியில் சிப்பி, பாசி ஒட்டாமலிருக்க அடிக்கும் பெயிண்ட், தாமிரம் கலந்தது. உப்புத் தண்ணீரில் தாமிரமும் அலுமினியமும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்யும். கரைந்துபோவது அலுமினியம்தான்.

போதாததற்குத் தகட்டைச் சுத்தமே செய்யவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியது எல்லோருக்கும் நினைவிருக்கும். என் படகுக்குள்ளும் ஏறியது. மடிப்புகளில் ஒட்டியிருந்த அந்தக் கறுப்புப் பிசின்மேலேயே பெயிண்டை இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பெரியவர் செய்த முறையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் படகை மேடையில் ஏற்றி உள்ளே தண்ணீர் ஊற்றினார். வெளியே சொட்டுகிற ரிவெட்டுக்கெல்லாம் சாக்பீஸ் குறி. ஆடுகிற ரிவெட்டை இறுக்கினார், தேய்ந்ததை மாற்றினார், இடுக்கை அடைக்கும் பாலியூரித்தேன் சீலன்ட் வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, வெறும் தகடு தெரியத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, அன்றைக்கே அலுமினியத்துக்கான எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்தார். மறுநாளுக்குத் தள்ளக் கூடாதாம். தேய்த்த தகட்டில் உடனே ஆக்சைடு படிய ஆரம்பித்துவிடும். சாதாரண இரும்பு பிரஷையும் தொடவிடவில்லை. அதன் துகள் தங்கினால் அங்கேயும் அரிக்கும், ஸ்டெயின்லெஸ் பிரஷ்தான் வேண்டும் என்றார். ஓட்டைகளுக்கு ஒட்டு வைத்ததோடு சேர்த்து இன்னும் 14,000 ஆனது.

பழைய பட்டறைக்குப் போய்க் கேட்டேன். “உப்புத் தண்ணிக்கு யாருண்ணே கேரண்டி கொடுப்பா” என்கிறார். ஒரு ரூபாய் திரும்பவில்லை. கையில் பில் இல்லாததால் புகார் கொடுக்கவும் வழி தெரியவில்லை.

இந்தப் பக்கம் உள்ளே சிவப்புக் கோட்டிங் அடித்துக்கொண்டவர்கள் இந்த வாரமே மிதிபலகையைக் கழற்றிப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் மேலே இன்னொரு பெயிண்ட் அடிக்காதீர்கள். முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, தகட்டை வெளிச்சத்தில் பிடித்துக் குழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே படகைத் தண்ணீரில் இறக்குங்கள்.