இரவுத் தண்ணீருக்கும் மலையேற்றத்துக்கும் கையடக்க டார்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம்) முறைத் தண்ணீர் நடுச்சாமத்தில் வரும் பல்லடம் தோட்டத்துக்கும், விடிவதற்குள் ஏழு மலையும் ஏறிவிட நினைக்கும் வெள்ளியங்கிரிப் பயணத்துக்கும் வேண்டியது ஒரே மாதிரி டார்ச்தான். சட்டைப்பையில் அடங்க வேண்டும். 150 முதல் 300 லூமன்ஸ் வெளிச்சத்தை மூன்று மணி நேரமாவது மங்காமல் தர வேண்டும். நனைந்தாலும் எரிய வேண்டும். உள்ளிருக்கும் பேட்டரி செல் கெட்டால் அதை மட்டும் மாற்ற முடிய வேண்டும். அட்டைப்பெட்டி மேல் பெரிதாக அச்சடித்த லூமன்ஸ் எண் இந்த நான்கைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது.

அந்த எண்ணை எப்படிச் சரிபார்ப்பது என்று முதலில் பார்த்துவிடலாம். கையடக்க டார்ச்களில் இன்று பெரும்பாலும் வருவது 18650 செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். 3000 எம்.ஏ.ஹெச். கொள்ளளவுள்ள செல் என்றால், 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 10.8 வாட் மணி. நல்ல எல்.ஈ.டி.யும், அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சுற்றான டிரைவரும் நல்லதாகச் சேர்ந்தால் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன்ஸ் கிடைக்கும். ஆக, அந்தச் செல்லில் இருப்பது சுமார் 1000 லூமன்ஸ் ஒரு மணி நேரத்துக்கு, அல்லது 300 லூமன்ஸ் மூன்றரை மணி நேரத்துக்கு, அல்லது 100 லூமன்ஸ் பத்து மணி நேரத்துக்கு. இதைத் தாண்டி யார் எதை எழுதியிருந்தாலும் அந்தச் செல்லுக்குள் அவ்வளவு மின்சாரம் கிடையாது. "1000 லூமன்ஸ், 5 மணி நேரம்" என்று நல்ல நிறுவனமே எழுதியிருந்தால் அதற்கு வேறு காரணம் உண்டு. எஃப்.எல். 1 என்ற அளவீட்டு முறையில் வெளிச்சத்தை டார்ச் போட்ட 30 வினாடி முதல் 2 நிமிடத்துக்குள் அளக்கிறார்கள். எரியும் நேரத்தை அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எண்ணுகிறார்கள். முதல் சில நிமிடம் 1000, பிறகு 300, கடைசியில் 100 என்று இறங்கினாலும் கணக்கு ஐந்து மணி நேரம்தான். அதனால் உச்ச வெளிச்சத்தை விட்டுவிட்டு நடுத்தர மோடில் எத்தனை லூமன்ஸ், எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கும் வரியைப் படியுங்கள். அந்த வரியே இல்லாத டார்ச்சை வாங்க வேண்டாம்.

இறங்குவதற்குக் காரணம் சூடு. 1000 லூமன்ஸுக்குச் சுமார் 10 வாட் செலவாகிறது. அதில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியேறும். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான அலுமினியக் குழாயால் அவ்வளவு சூட்டைக் காற்றில் விட முடியாது. எனவே நல்ல டார்ச் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அது பழுதில்லை. கடையிலேயே இதைச் சோதிக்கலாம்: உச்ச மோடில் ஐந்து நிமிடம் எரியவிட்டுத் தலைப்பகுதியைத் தொடுங்கள். ஆயிரம் லூமன்ஸுக்கு மேல் என்று எழுதியிருந்தும் உடம்பு சில்லென்று இருந்தால் இரண்டில் ஒன்று: வெளிச்சம் அவ்வளவு இல்லை, அல்லது எல்.ஈ.டி.யின் சூடு உடம்புக்குப் போக வழியே செய்யவில்லை. இரண்டாவது வகை சில மாதத்தில் நீலம் பூத்து மங்கிவிடும்.

தூரத்தைச் சொல்வது மொத்த வெளிச்சமான லூமன்ஸ் இல்லை, ஒரு திசையில் ஒளி எவ்வளவு குவிகிறது என்று காட்டும் கேண்டெலா. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வரும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். ஆனால் அந்த 200 மீட்டரில் விழுவது பௌர்ணமி நிலவொளி அளவு, அதாவது கால் லக்ஸ் மட்டுமே. ஆளா கன்றுக்குட்டியா என்று அடையாளம் தெரிய அதில் பாதித் தூரத்தைத்தான் நம்பலாம். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் 25 அடி இடைவெளியில் நட்ட தென்னந்தோப்பில் எட்டு வரிசை தாண்டினால் 200 அடி, ஏறக்குறைய 60 மீட்டர். அவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிய 3,600 கேண்டெலா போதும். இருபுறமும் கிளுவை வேலி அடைத்த இட்டேரியில் நடக்க இதுகூட வேண்டாம். அங்கே ஒளி அகலமாகப் பரவி, காலடியும் வேலியோரமும் ஒருசேரத் தெரிந்தால்தான் உதவி. தூரத்துக்கு மட்டும் குவித்த டார்ச்சை அங்கே அடித்தால் கண் கூசும், காலடி இருட்டாகவே இருக்கும்.

தடாகம், தொண்டாமுத்தூர் போல யானை வரும் ஊர்களில் மட்டும் தூரம் அடிக்கும் டார்ச்சுக்குத் தனி அவசியம் உண்டு. சாளைக் கதவைத் திறந்து இறங்கும் முன் களத்தையும் வாழை ஓரத்தையும் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும். யானை தென்பட்டால் முகத்தில் அடிக்காமல் வெளிச்சத்தை இறக்கிவிட்டு உள்ளே போய் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மின்னும் ஸ்ட்ரோப் போட்டு விரட்டப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

முன்பகுதியை இழுத்துக் குவிக்கும் ஜூம் டார்ச் தள்ளுவண்டியில்கூடக் கிடைக்கிறது. குவித்தால் சதுரமாக ஒரு பளிச்சென்ற கட்டம் விழும், பார்க்க அழகு. ஆனால் குவிக்கும்போது வெளிச்சத்தில் பெரும்பங்கு குழாய்க்குள்ளேயே வீணாகிறது. நகரும் பகுதி வழியே தண்ணீரும் புழுதியும் உள்ளே போகின்றன. மடை திறக்கப் போகும் வேலைக்கு அது ஆகாது.

வெளிச்சத்தின் நிறத்தைப் பலரும் கண்டுகொள்வதில்லை. எங்கள் பார்வையில் தோட்டத்து டார்ச்சுக்கு இதுதான் முதல் தகுதி. நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடக்கூட நீலம் கூடும். மலிவு டார்ச்கள் பெரும்பாலும் 6500 கெல்வினும் அதற்கு மேலும் கொண்ட நீல வெள்ளை. கண்ணுக்குப் பளீரென்று இருக்கும், ஆனால் பழுப்பு, செம்மண், காய்ந்த சருகு எல்லாமே ஒரே சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். கொங்குப் பக்கத்துச் செம்மண் காட்டில் சரளைக்கல் நடுவே சுருண்டு கிடக்கும் சுருட்டை விரியனின் நிறமும் அந்தப் பழுப்புத்தான். சோளத்தட்டுப் போருக்கடியில் கிடக்கும் கண்ணாடி விரியனின் சங்கிலி வடிவமும் அப்படியே மண்ணோடு கலந்துவிடும். 4000 முதல் 5000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு, உச்சம் 100) 90க்கு மேல் உள்ள எல்.ஈ.டி.யில் பழுப்பும் சிவப்பும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். அதே செல்லில் லூமன்ஸ் கொஞ்சம் குறையும், குறையட்டும். நிச்சியா 519ஏ, சாம்சங் எல்.ஹெச். 351டி ஆகிய எல்.ஈ.டி.கள் இந்த வகையில் பெயர் பெற்றவை. கடையில் பார்க்க எளிய வழி: உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். தோல் உயிரோட்டமாகத் தெரிந்தால் நல்லது. வெளிறித் தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

அடுத்தது செல்.

ஊர் எலெக்ட்ரிக்கல் கடைகளில் அதிகம் விற்பது பின்பக்கம் பிளக் மடித்து வைத்த, நேராக 230 வோல்ட்டில் சொருகும் சார்ஜ் டார்ச். உள்ளே இருப்பது சிறிய ஈய அமில பேட்டரி. முழுக்கத் தீரவிட்டு ஒரு மாதம் மூலையில் போட்டால் தகட்டில் சல்பேட் இறுகிப் படிந்து, பிறகு சார்ஜே ஏறாது. ஆறு மாதத்தில் போய்விட்டது என்று சொல்லப்படும் டார்ச்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். இதை வைத்திருப்பவர்கள் எரித்த அன்றே சார்ஜ் போட்டுவிட வேண்டும், பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை போட வேண்டும். இதைவிட முக்கியமான ஒன்று: மலிவான இவற்றில் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, ஒரு கப்பாசிட்டர் வழியேதான் மின்னழுத்தம் குறைகிறது. பிளக்கில் இருக்கும்போது உள்ளே எல்லா இடத்திலும் மெயின் கரண்ட் இருக்கலாம். மூடி விரிசல் விட்ட டார்ச்சைச் சார்ஜ் போட்டபடி ஈரக்கையால் தொடவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

18650 செல்லில் பரவலாகக் கிடைக்கும் உச்சக் கொள்ளளவு 3500 எம்.ஏ.ஹெச். சொச்சம்தான். 6800, 9900 என்று ஒட்டியிருந்தால் அது வெறும் காகிதம். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்துப் புது உறை போட்டு விற்பதும் உண்டு. நகைத் தராசில் வைத்துப் பாருங்கள்: நல்ல செல் 44 முதல் 49 கிராம் இருக்கும். 35 கிராம் காட்டினால் உள்ளே பொருள் இல்லை. இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லில் ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தர எண்ணும், அதன் கீழே ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சடித்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சுற்று சேர்த்த செல் 68 முதல் 70 மில்லிமீட்டர் வரை நீளம் வரும். சில டார்ச்சில் மூடி முழுக்கத் திருகாது. வாங்கும் முன் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் டபுள் ஏ செல்லில் எரியும் டார்ச்சுக்கு ஒரு பெரிய வசதி, எந்தப் பெட்டிக்கடையிலும் செல் கிடைக்கும். ஆனால் ஆல்கலைன் செல்லை உள்ளேயே விட்டால் கசிந்து வெள்ளையாகப் பூத்து ஸ்பிரிங்கை அரிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லைப் போடுங்கள். 14500 என்ற லித்தியம் செல் பார்க்க டபுள் ஏ அளவிலேயே இருக்கும், மின்னழுத்தமோ இரண்டரை முதல் மூன்று மடங்கு. அதையும் ஏற்கும் என்று எழுதாத டார்ச்சில் போட்டால் டிரைவர் அந்த நொடியே எரியலாம்.

யூ.எஸ்.பி. சி சார்ஜிங் என்று எழுதியிருந்தால் கடைக்கே இரு முனையும் சி வகையான ஒரு சி-சி கேபிள் கொண்டு போங்கள். டார்ச்சின் சார்ஜ் துளையோடு இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டையும் செலவைக் குறைக்க வைக்காமல் விட்டிருந்தால், புதிய போன் சார்ஜரின் சி-சி கேபிளில் சார்ஜ் ஏறவே ஏறாது; பழைய அகல முனை கேபிளில் மட்டும் ஏறும். டார்ச் பழுது என்று திரும்பி வருபவற்றில் இதுவும் ஒன்று.

சுவிட்ச் பின்பக்கத்தில் இருந்தால் ஈரக்கையிலும் இருட்டிலும் தேடாமல் அழுத்தலாம். பக்கவாட்டு மின்னணுச் சுவிட்ச் பையில் தானாக அழுந்தி, உச்ச மோடில் எரிந்து வேட்டியைக் கருக்கக்கூடும். அத்தகைய டார்ச்சின் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வையுங்கள். மரையில் பூச்சு உள்ள டார்ச்சில் இணைப்பு அறுந்துவிடும். தண்ணீருக்கு ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். வாய்க்காலில் விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஐ.பி.எக்ஸ். 4 தெறிக்கும் மழைக்கு மட்டும்.

குறிப்பிட்டுச் சொல்வதானால் மூன்று. கான்வாய் எஸ் 2 பிளஸ்: 18650 செல், பின்பக்கச் சுவிட்ச், எந்த எல்.ஈ.டி., எந்த நிறம் என்று கேட்டு வாங்கும் வசதி. திருகிக் கழற்றினால் கண்ணாடி, ரிஃப்ளெக்டர், எல்.ஈ.டி. பலகை எல்லாம் தனித்தனியாக வரும், கெட்டதை மட்டும் மாற்றலாம். செல்லும் சார்ஜரும் தனியாக வாங்க வேண்டும் என்பதுதான் குறை. தோட்டத்து வேலைக்கு எங்கள் முதல் தேர்வு இதுவே. சோஃபிர்ன் எஸ்.சி. 31 ப்ரோவில் யூ.எஸ்.பி. சி சார்ஜிங் உடம்பிலேயே இருக்கிறது, பக்கவாட்டுச் சுவிட்சை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் மெல்ல ஏறும். நிறம் வெளிறிய வெள்ளை, அதனால் பாம்புக் காட்டைவிட மலையேற்றத்துக்குப் பொருந்தும். சோஃபிர்ன் எஸ்.பி. 10 ப்ரோ டபுள் ஏ, 14500 இரண்டையும் ஏற்கும், உள்ளே எல்.ஹெச். 351டி. சார்ஜ் துளை இல்லை. மில்லில் இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புபவர்கள் கைப்பையில் வைத்துக்கொள்ள ஏற்ற அளவு. ஆண்டுரில் 2 மென்பொருள் உள்ள இத்தகைய டார்ச் அணைந்திருக்கும்போது மூன்று முறை அழுத்தினால் செல்லின் வோல்ட்டை மின்னிக் காட்டும்: நான்கு மின்னல், சிறு இடைவெளி, ஒரு மின்னல் என்றால் 4.1, ஏறக்குறைய முழுச் சார்ஜ். மூன்று மின்னலும் பிறகு இரண்டும் என்றால் உடனே சார்ஜ் போட வேண்டும்.

வெள்ளியங்கிரியில் தடியூன்றி ஏற ஒரு கை போய்விடும் என்பதால் தலையில் கட்டும் விளக்கு நல்லது. மேல் மலைகளில் பனிமூட்டம் இறங்கினால் மட்டும் அதைக் கழற்றி இடுப்பளவில் பிடியுங்கள். நெற்றியில் இருந்தால் ஒளி கண்ணுக்கு நேர் எதிரே பனியில் பட்டுத் திரும்பி, வெள்ளைத் திரைதான் தெரியும்.

எந்த டார்ச் வாங்கினாலும் மினுக்கினால் முதலில் செல்லைக் கழற்றி, குழாயின் இரு விளிம்பையும் பின்மூடி ஸ்பிரிங்கையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். சரியாகாவிட்டால் பின்மூடிக்குள் இருக்கும் வளையத்தை இடுக்கியால் இறுக்குங்கள். பல பழுதுகள் இதோடு தீரும். ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் அரிசியளவு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் மண்ணை இழுத்து ஒட்டவைக்கும். சித்திரை வெயிலில் கரூர், ஈரோட்டில் நிற்கும் டிராக்டர் டூல் பாக்ஸுக்குள் லித்தியம் செல்லை விடாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சூடேறிய செல்லை ஆறவைத்த பிறகே சார்ஜ் போடுங்கள். வாரக்கணக்கில் வைப்பதானால் பாதிச் சார்ஜில் வைத்து, செல்லை வெளியே எடுத்துவிடுங்கள். உறை கிழிந்த செல்லை டார்ச்சின் உலோகக் குழாய்க்குள் மறுபடி போடாமல், முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.